ஏழாம் மேட்டில் குமிழி இல்லை

போன செப்டம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாட்சாயினி மெல்பேர்ணின் புறநகரான வெரிபீயில் ரயில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்து, மடியில் கணினியைத் திறந்தாள். அந்த நேரத்தில் அவளுக்குப் பயப்பட எதுவும் இருக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் மட்டும்தான்.

இரவு வந்திருந்த தரவுக்கோப்பு தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அது கனடாவுக்கு வடக்கே உள்ள கடலில் நிற்கும் ஒரு ஆய்வுக் கப்பலிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வருவது.

அந்தக் கடலின் அடிமண் பல இடங்களில் இன்னும் உறைந்தே கிடக்கிறது. பனியுகத்தில் அது தரையாக இருந்தது. அப்போது உறைந்தது. பிறகு கடல் ஏறி வந்து அதை மூடிக்கொண்டது. இப்போது அது கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. இளகும் இடங்களில், உள்ளே அடைபட்டுக் கிடந்த மீத்தேன் வாயு குமிழி குமிழியாக மேலே வருகிறது. வானத்துக்குப் போய்ச் சேர்ந்தால் சூட்டைக் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பிடித்து வைத்துக்கொள்ளும் வாயு அது. எவ்வளவு வருகிறது என்று அளக்கத்தான் கப்பல் போயிருந்தது.

அளப்பது சோனாரால். கப்பலின் அடியிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பினால் அது கடலடியில் பட்டுத் திரும்பும். வழியில் குமிழிகள் இருந்தால் அவற்றிலும் பட்டுத் திரும்பும். திரையில் அது கடலடியிலிருந்து எழுந்து நிற்கும் ஒரு தீச்சுவாலை மாதிரித் தெரியும். அந்தச் சுவாலை எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வாயு கசிகிறது என்று கணக்கிடுவதுதான் தாட்சாயினியின் வேலை. பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். மெல்பேர்ண் நகரத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தின் நாலாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்.

கப்பலில் முப்பத்துநாலு பேர். அதில் இரண்டு பேரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவன் பிரஷாந்தன். சிட்னியில் லிட்கம் பக்கம் வீடு. சோனார் கருவிகளை இயக்குபவன். ஐந்து வருடம் அவளோடு ஒரே அறையில் வேலை செய்துவிட்டுச் சிட்னிக்கு மாறிப் போனவன். மற்றவர் வரதராஜன், பயணத்தின் தலைமை விஞ்ஞானி. திருச்சிக்காரர். சிட்னிக்கு வந்து முப்பது வருடம். கடலடி மண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஐம்பது பேர் இருந்தால் அதிகம்.

வரதராஜனுக்கும் தாட்சாயினிக்கும் இடையில் ஒரு சங்கடம் இருந்தது. முந்தைய வருடப் பயணத்தில், ஒரு பெரிய புதுக் கசிவுப் பரப்பு திரையில் தெரிகிறது, இதை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவள் மெல்பேர்ணிலிருந்து அடித்துச் சொன்னாள். அவர் கப்பலைத் திருப்பினார். ஒன்றரை நாள் அங்கே நின்று தேடினார்கள். கடைசியில் அது மீன் கூட்டம். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை சோனாருக்குக் குமிழி மாதிரியே தெரியும். இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி. அவர் கோபப்படவில்லை. பயணம் முடிந்து சிட்னியில் நடந்த கூட்டத்தில், தேநீர் வேளையில், பிரஷாந்தனிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம தாட்சாயினிக்கு மீன் பிடிக்கும்பா."

அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று இரவு விமானத்தில் வரும்போது அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

ரயில் ஹொப்பர்ஸ் குரொசிங் நிலையத்தைத் தாண்டியபோது கோப்பு இறங்கி முடிந்தது. அவள் ஏழாம் மேட்டைத் திறந்தாள்.

அந்தக் கடலடியில் உறைமண் கீழிருந்து தள்ளித் தள்ளி எழுந்த மேடுகள் உண்டு. இந்தப் பயணத்தில் கண்டுபிடித்த இருபத்துமூன்று மேடுகளுக்கும் எண் கொடுத்திருந்தார்கள். ஏழாவது, எழுபது மீற்றர் ஆழத்தில், ஒரு கிரிக்கெட் மைதானம் அளவு அகலமானது. பதினொரு நாளாக அதன் உச்சியிலிருந்து ஒரு பிரகாசமான சுவாலை விடாமல் எழுந்துகொண்டிருந்தது. மேட்டைத் துளைத்து மண்ணின் மாதிரி எடுக்க வேண்டும் என்பது வரதராஜனின் திட்டம். கப்பலில் அப்போது திங்கட்கிழமை பிற்பகல்; துளையிடுவதைக் கப்பல் நேரப்படி மறுநாள் காலைக்கு என்று வைத்திருந்தார்கள்.

திரையில் சுவாலை இல்லை.

வேறு மேட்டைத் திறந்துவிட்டேனோ என்று எண்ணைப் பார்த்தாள். ஏழுதான். நேரத்தைப் பார்த்தாள். சரிதான். கருவியில் ஏதாவது பிழையோ என்று பக்கத்திலுள்ள ஆறாம் மேட்டைப் பார்த்தாள். அங்கே வழக்கமான மெலிந்த சுவாலை இருந்தது. ஏழாம் மேட்டில் மட்டும் கறுப்பு. கசிவு பூச்சியம்.

ஒரு கணம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வாயு வரும் துவாரம் அடைபட்டால் அவ்வளவு வாயு வெளியே வராது அல்லவா? அடுத்த கணமே அது பிழையென்று தெரிந்தது. துவாரம்தான் அடைபட்டிருக்கிறது. உள்ளே வாயு வருவதை யார் நிறுத்தினார்கள்?

அவள் மேட்டின் உயரத்தை எடுத்துப் பார்த்தாள். பதினொரு நாளுக்கு முன் சுற்றியுள்ள தட்டை நிலத்திலிருந்து மூன்று மீற்றர் இருபது சென்ரிமீற்றர். முந்தைய கோப்பில் மூன்று நாற்பது. இதில் மூன்று எழுபது. எழுபது மீற்றர் தண்ணீருக்கு மேலிருந்து அளக்கும்போது முப்பது சென்ரிமீற்றர் பிழை வருவது சாதாரணம். கடல் ஏற்றம், அலை, தண்ணீரின் சூடு, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பிழைகள் வந்தால் கடலடி முழுவதும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். அவள் தட்டை நிலத்தைப் பழைய அளவோடு ஒப்பிட்டாள். அது அசையவில்லை. மேடு மட்டும் ஏறியிருந்தது.

அவளுடைய கை தானாகத் தொலைபேசியை எடுத்தது. எடுத்த பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தாள். மீன் கூட்டம் நினைவுக்கு வந்தது. ஒன்றரை நாள். "மீன் பிடிக்கும்பா." இன்னொரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அலுவலகம் போய்ப் பெரிய திரையில் பார்த்துவிட்டு, பிறகு சொல்லலாம். மறுநாள் காலைதானே துளையிடப் போகிறார்கள். நேரம் இருக்கிறது.

ரயில் லாவர்ட்டன் நிலையத்துக்குள் நுழைந்தபோது பிரஷாந்தனின் செய்தி வந்தது. ஒரு படம். கப்பலின் பின்தளத்தில் மஞ்சள் நிறத் துளை எந்திரம் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே எழுதியிருந்தான்: "அக்கா, நாளைக்கு இல்லை, இண்டைக்கே இறக்கிறம்! 7ஆம் மேடு."

கதவு மூடுவதற்குள் அவள் ரயிலை விட்டு இறங்கிவிட்டாள்.

ஓடும் ரயிலில் நடுவழியில் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் அவளை இறக்கியது. ரயில் மேடையில் மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. இருக்கையில் உட்கார்ந்து, கணினியை முழங்காலில் வைத்து, வாட்ஸப்பில் அழைத்தாள். நாலு தடவை அடித்த பிறகு பிரஷாந்தன் எடுத்தான். பின்னால் எந்திரச் சத்தம்.

"அக்கா! என்ன விடியவே?"

"பிரஷாந்தன், ஏழாம் மேட்டிலை குமிழி நிண்டுட்டுது. பாத்தனீரோ?"

"ஓம் அக்கா, மத்தியானமே நிண்டுட்டுது. அதுதானே நல்லதாப் போச்சு. குமிழி வந்துகொண்டிருந்தால் எந்திரத்தை இறக்கப் பயம் எண்டு வரதராஜன் சேர் யோசிச்சுக்கொண்டிருந்தவர். இப்ப நிண்டபடியால் இண்டைக்கே செய்வம் எண்டிட்டார். ராத்திரிக்கு வேறை காத்து கூடப் போகுதாம்."

தாட்சாயினிக்கு அப்போதுதான் விளங்கியது. குமிழி நின்றதால்தான் இறக்குகிறார்கள்.

"எந்திரம் இப்ப எங்கை?"

"தண்ணிக்குள்ளை போயிட்டுது. மெல்ல இறக்கினம். பதினைஞ்சு மீற்றர் இருக்கும்."

"கப்பல்?"

"நேர மேட்டுக்கு மேலைதான் நிக்குது. வேறை எங்கை நிக்கிறது?"

"இஞ்சை பாரும். அந்த மேடு கடைசி ரெண்டு கோப்புக்கும் இடையிலை முப்பது சென்ரிமீற்றர் ஏறியிருக்கு. சுத்திவர உள்ள நிலம் அசையேல்லை. வாயு உள்ளை அடைபட்டு மேட்டை ஊதிக்கொண்டு வருது. அதிலை போய் ஓட்டை போட்டால் என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். அடைபட்ட வாயு ஒரேயடியாக மேலே வந்தால், கப்பலுக்குக் கீழே இருக்கும் தண்ணீர் பாதி காற்றாகிவிடும். காற்றில் கப்பல் மிதக்காது. தப்பித்தவறி மிதந்தாலும், மீத்தேனுக்குள் ஒரு சின்னத் தீப்பொறி போதும்.

"அக்கா, நிச்சயமோ?" என்றான் அவன். குரல் இறங்கியிருந்தது.

"சேரைக் கூப்பிடும்."

வரதராஜன் தொலைபேசிக்கு வர மூன்று நிமிடம் எடுத்தது. அதற்குள் நகரத்துக்குப் போகும் ரயில் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது.

"சொல்லுங்க தாட்சாயினி. சீக்கிரம் சொல்லுங்க, டெக்ல வேலை நடக்குது."

அவள் சொன்னாள். மூன்று எண்களையும் சொன்னாள். தட்டை நிலத்தைச் சொன்னாள்.

"முப்பது சென்டிமீட்டர், எழுபது மீட்டர் ஆழத்துல. உங்களுக்கே தெரியும் அது எவ்வளவு நம்பகமானதுன்னு. எத்தனை பர்சன்ட் உறுதியாச் சொல்றீங்க?"

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். நூறு வீதம் என்று சொன்னால் நிறுத்துவார். ஆனால் அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"அறுபது."

"போன வருஷம் எவ்வளவு சொன்னீங்க?"

"எண்பது."

அவர் மூச்சுவிடுவது கேட்டது. அதில் ஏளனம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "பாருங்க, குமிழி நின்னா அழுத்தம் குறைஞ்சிடுச்சுன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். உள்ள இருந்த வாயு தீர்ந்துபோயிருக்கலாம் இல்லையா?"

"தீர்ந்திருந்தால் மேடு பதிஞ்சு இறங்கவேணும் சேர். இது ஏறுது."

"உங்க கணக்குப்படி ஏறுது."

"சேர், நான் பிழையாக இருக்கலாம். போன முறை பிழைதான். ஆனால் போன முறை நான் பிழைவிட்டதாலை ஒன்றரை நாள்தான் போனது. இந்த முறை நீங்கள் பிழைவிட்டால் முப்பத்துநாலு பேர்."

இப்படி ஒரு வசனத்தை அந்த மனிதரிடம் சொல்வாள் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. சொல்லி முடித்த பிறகு காது இரண்டும் சூடாகிப் போயின. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். அறவில்லை.

"பத்து நிமிஷம் தர்றேன்," என்றார். "இறக்குறதை அப்படியே நிறுத்தி வைக்கச் சொல்றேன். பிரஷாந்த் சோனார் ரூமுக்குப் போகட்டும். இப்போ, இந்த நிமிஷம் மேடு எவ்வளவு உயரம்னு நேரடியா எடுத்துச் சொல்லட்டும். ஏறலைன்னா நான் இறக்குவேன்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் நடந்து போவதும், யாரிடமோ ஆங்கிலத்தில் கத்துவதும் கேட்டுக்கொண்டிருந்தது. தாட்சாயினி கணினித் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று எழுபது என்று வந்துவிட்டால் என்ன செய்வது? எழுபத்தைந்து என்று வந்தால்? அது பிழை எல்லைக்குள்தான். அவர் இறக்குவார். அவளால் வேறு யாரிடம் போக முடியும்? கப்டனின் எண்கூட அவளிடம் இல்லை.

சோனார் அறைக் கணினியிலிருந்து பிரஷாந்தனின் செய்தி திரையில் வந்தது. எண் மட்டும்.

4.20

அதைப் பார்த்தபோது முதலில் அவளுக்கு விளங்கவில்லை. அடுத்த செய்தியும் வந்தது: "அக்கா, மேட்டின்ரை அடியைச் சுத்தி வட்டமாக் குமிழி வருது. சின்னச் சின்னக் குமிழி. உச்சியிலை ஒண்டும் இல்லை. ஓரத்திலைதான்."

ஆறு மணித்தியாலத்துக்குள் அரை மீற்றர். ஓரம் கிழியத் தொடங்கிவிட்டது.

"சேர்!" என்று அவள் கத்தினாள். மேடையில் நின்ற இரண்டு பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "சேர், நாலு இருபது! ஓரத்தாலை பிரியுது! எந்திரத்தை விடுங்கோ, கப்பலை எடுங்கோ!"

அவர் தொலைபேசியை எங்கேயோ கீழே வைத்துவிட்டார் என்று நினைக்கிறாள். அவருடைய குரல் மட்டும் தூரத்தில் கேட்டது. "தூக்குங்க! தூக்குங்கப்பா, மேல தூக்குங்க!" டெக்கில் நின்றவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில் கத்தினார். ஓர் அபாயச் சங்கு ஊதியது. பிறகு இணைப்பு அறுந்தது.

அப்போது காலை எட்டு நாற்பத்தொன்று.

அவள் திரும்ப அழைத்தாள். மணி அடிக்கவில்லை. பிரஷாந்தனுக்கு எழுதினாள், ஒரு கோடு மட்டும் விழுந்தது, செய்தி போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது கோடு விழவில்லை. கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அவர்களுடைய கப்பலின் புள்ளி ஏழாம் மேட்டின் மேலேயே நின்றது. ஆனால் அது இருபது நிமிடத்துக்கு முந்தைய புள்ளி. புதுப்பிக்கப் புதுப்பிக்க அதே இடம்.

எட்டு ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது. அவள் பார்க்காமலே எடுத்தாள். கணவன் சுஜீதன்.

"தாட்சா, பிள்ளையின்ரை நீச்சல் உடுப்பு எங்கை வச்சனீர்? பள்ளிக்கூடத்தாலை கூப்பிட்டவை, பையிலை இல்லையாம்."

"வையுங்கோ."

"என்ன?"

"ஃபோனை வையுங்கோ! வையுங்கோ எண்டால்!"

அவன் வைத்துவிட்டான். பதினாறு வருடத்தில் அவள் அவனிடம் அப்படிக் கத்தியதில்லை. அதற்காக வருந்தக்கூட அவளுக்கு இடம் இருக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் பிரஷாந்தன் அழைத்திருந்தால், தொடர்பு கிடைக்காமல் போயிருந்தால் என்பதே திரும்பத் திரும்ப வந்தது. பிரஷாந்தனின் மனைவி லக்சிகாவின் முகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வது? காலையில் அந்தக் கோப்பைத் திறந்த உடனே அழைக்காமல், மீன் கூட்டத்தை நினைத்துக்கொண்டு மூன்று ஸ்டேஷன் சும்மா இருந்தேன் என்று சொல்வதா?

ரயில்கள் வந்தன, போயின. நிலைய ஊழியர் ஒருவர் வந்து, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் போகாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். பிறகு ஒரு காகிதக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை, கையில் பிடித்திருந்தாள்.

ஒன்பது ஏழுக்கு இரண்டாவது கோடு விழுந்தது. பின்னால் ஒரு குரல் செய்தி வந்தது. அதை அழுத்துவதற்கு அவளுக்குப் பயமாக இருந்தது. அழுத்தினாள்.

"அக்கா, இருக்கிறம். எல்லாரும் இருக்கிறம்." பிரஷாந்தனின் பற்கள் அடித்துக்கொள்வது கேட்டது. "எந்திரத்தை முழுக்கத் தூக்க நேரம் இருக்கேல்லை. தொங்கத் தொங்கக் கப்டன் கப்பலை எடுத்தவர். முந்நூறு, முந்நூற்றைம்பது மீற்றர் போயிருப்பம். சோனார் திரை ஒரேயடியா வெள்ளையாப் போச்சு. கீழையிருந்து மேலை வரைக்கும் வெள்ளை. நான் வெளியிலை ஓடி வந்து பாத்தன். கடல் பால் பொங்கின மாதிரி. சத்தம் பெரிசா இல்லை அக்கா, காலுக்குள்ளாலைதான் தெரிஞ்சது. கப்பல் ஒரு பக்கமாச் சரிஞ்சுது. நான் முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன். பிறகு நிமிந்திட்டுது. வாயு அலாரம் எல்லாம் அடிச்சுது. கப்டன் எஞ்சின், லைற், எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லிட்டார், பொறி பறக்கக்கூடாதெண்டு. இருட்டுக்குள்ளை எல்லாரும் உள்ளுக்கை குந்திக்கொண்டிருந்தம். காத்துத்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. இப்பத்தான் அலாரம் நிண்டது. ஒரு மாலுமிக்குத் தோள் எலும்பு முறிஞ்சு போச்சு. வேறை ஒண்டும் இல்லை. சேர் நல்லா இருக்கிறார். பேசுறார் இல்லை."

அதைக் கேட்ட பிறகுதான் தாட்சாயினி அழுதாள். நிலைய ஊழியர் இன்னும் அங்கேதான் நின்றார். நல்ல செய்தியா என்று கேட்டார். ஆமென்று தலையாட்டினாள்.

அலுவலகம் போய்ச் சேரப் பத்தரை. எப்படிப் போனாள் என்பது அவளுக்கு இன்றைக்கும் தெளிவாக நினைவில்லை. போன உடனே சுஜீதனை அழைத்து, காலையில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னாள். "எல்லாரும் தப்பிட்டினம் எல்லோ? பிறகேன் இன்னும் அழுறீர்?" என்றான் அவன். அவள் தொலைபேசியை வைத்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டு மற்ற மேடுகளைத் திறந்தாள்.

காலையில் பயத்தில் அவள் ஏழையும் ஆறையும் மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது, கப்பல் கடைசியாகக் கடந்தபோது எடுத்த பதிவுகளில் இருபத்துமூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பன்னிரண்டில் குமிழி நின்றிருந்தது. பதினான்கில் நின்றிருந்தது. பத்தொன்பதில், இருபத்தொன்றில். ஏழைத் தவிர நாலு மேடுகள். கப்பலோ அவற்றுக்கு நடுவில், எஞ்சினை மீண்டும் இயக்கிக்கொண்டு, தெற்கே கரைக்குத் திரும்பத் தயாராக நின்றது. அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது.

கணக்கு முடிந்து அவள் தொலைபேசியை எடுப்பதற்குள், மத்தியானம் ஒரு மணிக்கு வரதராஜனே அழைத்தார். அவருடைய குரலில் வயது தெரிந்தது.

"தாட்சாயினி, குமிழி நின்னது நல்லதுன்னு நான்தான் சொன்னேன். எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன்."

"ஓம் சேர்." அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் சொல்ல நேரம் இல்லை. "சேர், இன்னும் நாலு மேடு நிண்டிருக்கு. நீங்கள் திரும்பிற பாதையிலை பதினாலும் பத்தொன்பதும் இருக்கு."

"எவ்வளவு ஏறியிருக்கு?"

"பத்தொன்பது பத்து சென்ரிமீற்றர். பதினாலு முப்பத்தைஞ்சு."

அவர் எத்தனை வீதம் உறுதி என்று கேட்கவில்லை. "எப்படிப் போகணும்னு சொல்லுங்க. கப்டன் பக்கத்துலதான் இருக்கார்."

அவள் வரைபடத்தைத் திறந்து, கிழக்காகச் சுற்றிப் போகும் ஒரு பாதையைப் போட்டாள். குமிழி இன்னும் வந்துகொண்டிருக்கும் மேடுகளுக்கு அருகாக, நின்றுவிட்ட மேடுகளுக்கு இரண்டு கிலோமீற்றராவது தள்ளி. குமிழி வரும் இடம்தான் பாதுகாப்பு என்று முப்பத்துநாலு பேருக்கு வழி சொல்வது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. பிரஷாந்தன் சோனார் அறையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை முன்னால் என்ன தெரிகிறது என்று எழுதிக்கொண்டிருந்தான். இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடம். ஒரு தடவை மட்டும் அவன் "நில்லுங்கோ, ஏதோ தெரியுது" என்று எழுதினான். பிறகு ஆறு நிமிடம் ஒன்றும் எழுதவில்லை. அந்த ஆறு நிமிடமும் தாட்சாயினி கதிரையை விட்டு எழுந்து நின்றபடி, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஏழாவது நிமிடம் எழுதினான்: "மிதக்கிற பனிக்கட்டி எப்பவோ கடலடியிலை கீறின பழைய தடம். போறம்."

கப்பல் அந்தப் பரப்பை விட்டு வெளியே வந்தது. இரண்டு நாள் கழித்துக் கரை சேர்ந்தது. தோள் முறிந்த மாலுமி மருத்துவமனைக்குப் போனார். பிரஷாந்தன் சிட்னி வந்து இறங்கிய அன்று லக்சிகா தாட்சாயினிக்குத் தொலைபேசி எடுத்தாள். லக்சிகா பிள்ளைகளின் பெயரை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னாள், "அவை அப்பாவோடை இருக்கினம் அக்கா," என்று.

மூன்று வாரம் கழித்து வரதராஜன் மெல்பேர்ணுக்கு வந்தார். எஞ்சின் நிறுத்தப்படுவதற்கு முன் தொண்ணூறு விநாடிக்குச் சோனார் பதிவு செய்திருந்தது. ஏழாம் மேடு வெடித்ததை அவ்வளவு கிட்டத்திலிருந்து யாராவது அளந்திருக்கிறார்களா என்று இருவருக்கும் தெரியாது. அந்தத் தொண்ணூறு விநாடியில் எவ்வளவு வாயு வந்தது என்று தாட்சாயினி கணக்கிட்டு வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

ஜன்னல் இல்லாத அந்த அறையில் அவர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டே எண்ணைப் பார்த்தார். பதினொரு நாளில் அந்தக் கடல் முழுவதும் இருபத்துமூன்று மேடுகளிலிருந்தும் கசிந்ததாக அவர்கள் அளந்த மொத்தத்தைவிட அது அதிகம்.

"இது தப்பா இருக்கணும்," என்றார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். மூன்று தரம் பாத்திட்டன்."

"குமிழி ரொம்ப நெருக்கமா இருந்தா ஒலி ஒண்ணுக்கொண்ணு மறைச்சுக்கும். அப்போ உண்மையான அளவு இதைவிடக் கம்மியா இருக்காது, கூடத்தான் இருக்கும்."

"ஓம் சேர். இது ஆகக் குறைஞ்ச கணக்கு."

அவர் கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடல்ல நாம பார்த்தது எவ்வளவு?"

"நூறிலை ஒரு பங்கு வராது."

"மத்ததை யாரு பார்க்கிறா?"

அவர் திரையிலிருந்த எண்ணை மறுபடி பார்த்தார். "முதல்லேர்ந்து கணக்கைப் போடுங்க," என்றார். "என் வழியில ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். நான் சொல்லச் சொல்லப் போடுங்க."

அவர்கள் போட்டார்கள். சாப்பிடப் போகாமல் மாலை ஐந்து மணி வரை போட்டார்கள். அவர் வழியில் வந்த எண் அவளுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது.